டீச்சர், எங்க ஓடை நல்லா இருக்கா?

போன இதழ்ல பேச்சுவாக்குல ஒரு வரி எழுதியிருந்தேன், "உங்க ஊர் ஓடை நல்லா இருக்கான்னு தெரியணும்னா மொதல்ல லேபுக்கு ஓடாதீங்க, முட்டிக்கால் தண்ணில இறங்கி ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்க"ன்னு. அவ்ளோதான் எழுதினேன். அதுக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல, பாகூர்ல இருந்து பண்ருட்டி வரைக்கும் ஊருக்கு ஒருத்தர் தண்ணில இறங்கி நிக்கிறாங்க போல. அதனால இந்த மாசம் பாம்பு, பல்லி, கரையான் கேள்வியெல்லாம் ஓரமா வச்சுட்டு முழுக்க ஓடைதான். கரையான் பத்திக் கேட்ட முதலியார்பேட்டை அம்மா கோவிச்சுக்காதீங்க, அடுத்த மாசம் உங்களுக்குத்தான் மொத பதில்.

*

டீச்சர், எங்க வயலை ஒட்டி ஒரு வாய்க்கால் ஓடுது. ஆன்லைன்ல டிடிஎஸ் பேனா (தண்ணில கரைஞ்சிருக்குறதை அளக்குற கருவி) ஒண்ணு வாங்கி வச்சுப் பாத்தேன், 320 காட்டுது. 500க்குள்ள இருந்தா நல்ல தண்ணின்னு ஆர்.ஓ. மெஷின் மாட்டுறவர் சொன்னாரு. அப்போ வாய்க்கால் ஆரோக்கியமா இருக்குன்னு எடுத்துக்கலாமா?
– பாகூர் வாசகர்

எடுத்துக்க முடியாதுங்க. ஒரு சின்ன வேலை பண்ணுங்க. ரெண்டு டம்ளர்ல ஒரே தண்ணிய ஊத்தி, ஒண்ணுல ரெண்டு ஸ்பூன் சக்கரை போட்டுக் கலக்குங்க, இன்னொண்ணுல ஒரு சிட்டிகை உப்பு. இப்போ பேனாவை வைங்க. உப்புத் தண்ணில நம்பர் எகிறும், சக்கரைத் தண்ணில அசையவே அசையாது. ஏன்னா அந்தப் பேனா தண்ணில கரண்ட் எவ்ளோ பாயுதுன்னு மட்டும்தான் பாக்குது, கரண்டைக் கடத்துறது உப்பு வகைங்க, அதை வச்சு ஒரு கணக்குப் போட்டு நம்பர் காட்டுது. நீங்க வயல்ல போடுற யூரியா கரைஞ்சு வாய்க்கால்ல வந்தா அதுக்குத் தெரியாது, மேல அடிக்கிற பூச்சி மருந்தும் தெரியாது, சாக்கடைல வர்ற அழுகல்ல பெரும்பகுதியும் தெரியாது.

அந்த 500ங்கிறது குடிதண்ணிக்கான இந்தியத் தர அளவு (ஐ.எஸ். 10500). நாம குடிக்கிறதுக்குப் போட்ட அளவுல மீனும் பூச்சியும் எப்படி இருக்குன்னு பாக்க முடியாது. அதுக்காகப் பேனாவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஒரே நாள்ல வாய்க்கால் மேல இருந்து கீழ வரைக்கும் 5 எடத்துல வச்சுப் பாருங்க. 320, 325, 318ன்னு வந்துக்கிட்டே இருந்து ஒரு எடத்துல மட்டும் திடீர்னு 700 ஆச்சுன்னா, அதுக்கு மேல எங்கயோ ஏதோ வந்து கலக்குதுன்னு அர்த்தம். பேனாவுக்கு அந்த வேலை நல்லாத் தெரியும். உங்க பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணி சொர்ணாவூர் அணைக்கட்டுல பிரிஞ்சு பங்காரு வாய்க்கால் வழியா அவ்ளோ தூரம் வருது, வழியில எது எங்க கலக்குதுன்னு கண்டுபிடிக்க ஒரு சைக்கிளும் இந்தப் பேனாவும் போதும்.

*

டீச்சர் வணக்கம். நான் 9வது படிக்கிறேன். ஸ்கூல் சயின்ஸ் கிளப்ல எங்க ஊர் ஓடையோட ஆரோக்கியத்தைக் கண்டுபிடிக்கணும்னு புராஜெக்ட் எடுத்துருக்கோம். எங்ககிட்ட லேப் எதுவும் இல்ல. எப்படி ஆரம்பிக்கிறது?
– மாணவி, குறிஞ்சிப்பாடி

வாம்மா, உனக்குத்தான் இந்த மாசம் பெரிய பதில்.

பாட்டில்ல தண்ணி புடிச்சு டெஸ்ட் பண்றது தப்பில்ல, ஆனா அது நம்ம தெருவழியா பஸ்ல போறவர்கிட்ட "இந்தத் தெரு எப்படி"ன்னு கேக்குற மாதிரி. நீ புடிச்ச நேரத்துல நல்ல தண்ணி வந்துருக்கும், போன வாரம் ராத்திரி யாரோ எதையோ தொறந்து விட்டது அதுல தெரியாது. தெருவுலயே குடியிருக்கிறவங்களைக் கேக்கணும். ஓடைல குடியிருக்கிறவங்க அடித்தரையில, கல்லுக்கு அடியில, வேர் இடுக்குல இருக்குற புழுவும் பூச்சியும். பல பூச்சிங்க குஞ்சாவே வாரக்கணக்குல, சிலது மாசக்கணக்குல தண்ணிக்குள்ளயே கெடக்கும், எந்திரிச்சு ஓட முடியாது. ஆக்சிஜன் கொறைஞ்ச ராத்திரி, விஷம் வந்த நாள், எல்லாத்தையும் தாங்கினதுதான் மிஞ்சி இருக்கும். அதனால யார் இருக்கா, யார் இல்லங்கிறதே உனக்கு ரிப்போர்ட்.

சாமான் ரொம்ப இல்ல. பழைய கொசுவலைத் துணி ஒரு மீட்டர், ரெண்டு கம்பு, வெள்ளைத் தட்டு ரெண்டு, பழைய பெயிண்ட் பிரஷ், பத்து மடங்கு பெருசாக் காட்டுற லென்ஸ் ஒண்ணு. வலையை ரெண்டு கம்புக்கும் நடுவுல தெச்சுக்கோ. தண்ணி ஓடி வர்ற பக்கத்தைப் பாத்து ஒருத்தி வலையை அடித்தரையில ஊனிப் புடிக்கணும், இன்னொருத்தி வலைக்கு முன்னாடி நின்னு காலால கல்லையும் மண்ணையும் 3 நிமிஷம் நல்லாக் கிளறணும். கிளப்பி விட்டதெல்லாம் ஓட்டத்துல வந்து வலைல விழும். அதைத் தட்டுல தண்ணி ஊத்திக் கொட்டிட்டு சும்மா ரெண்டு நிமிஷம் உக்காந்துரு. மொதல்ல வெறும் குப்பை மாதிரிதான் இருக்கும், அப்புறம் குப்பை நடக்க ஆரம்பிக்கும்.

இப்போ யார் யாருன்னு பாரு. சிவப்பா நெளியுதே, மீன் கடையில விக்கிற பிளட் வோர்ம், அது கைரோனமிட்ங்கிற கடிக்காத கொசு மாதிரி ஈயோட புழு. அது சிவப்பா இருக்குறதே நம்ம ரத்தத்துல இருக்குற ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்குறதாலதான், ஆக்சிஜன் கொறைஞ்ச சேத்துலயும் அது சமாளிச்சுக்கும். நூல் மாதிரி மண்ணுல தலையைப் புதைச்சுக்கிட்டு வாலை ஆட்டுறது டியூபிஃபெக்ஸ், அதுவும் எதையும் தாங்கும். எலி வால் மாதிரி நீளமா ஒரு குழாயை தண்ணிக்கு மேல நீட்டி மூச்சு விடுற புழுவும் டியூபிஃபெக்ஸும் மட்டும்தான் கெடச்சுதுன்னா அங்க தண்ணிக்குள்ள மூச்சு விட ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுக்கோ. அட்டை, நத்தை நடுவாந்தரம், கொஞ்சம் தாங்கும். தட்டான் குஞ்சு அதுக்கு மேல. பின்னாடி முடி மாதிரி மெலிசா வால் இருக்குற மே ஃப்ளை குஞ்சுல பெரும்பாலானது, மணலை ஒட்டி வீடு கட்டிக்கிற கேடிஸ் புழு இதெல்லாம் ரொம்ப நாசூக்கு, தண்ணி கெட்டா மொத ஆளா காணாமப் போகும்.

இதுக்கு மார்க் போடுற முறை ஒண்ணு இங்கிலாந்துல இருந்து வந்தது, பூச்சிக் குடும்பத்துக்கு 1ல இருந்து 10 வரைக்கும் மார்க். மண்புழு ஜாதிக்கு 1, சிவப்புப் புழுவுக்கு 2, அட்டைக்கும் பெரும்பாலான நத்தைக்கும் 3, மே ஃப்ளைலயே கொஞ்சம் தாங்குற பீட்டிஸ்ங்கிற சாதாரண ஜாதிக்கு 4, வலை பின்னுற கேடிஸுக்கு 5, ஊசித்தட்டான் குஞ்சுல நம்ம பக்கம் அதிகமா இருக்குறதுக்கு 6, குண்டுத் தட்டான் குஞ்சுக்கு 8. கெடச்ச குடும்பங்களோட மார்க்கைக் கூட்டி, எத்தனை குடும்பமோ அதால வகுத்துடணும். இந்த ஏழும் ஒவ்வொண்ணு கெடச்சுதுன்னு வச்சுக்கோ, கூட்டினா 29, ஏழால வகுத்தா 4.1. ஊருக்குக் கீழ போய்ப் பாத்தா மொத மூணு மட்டும்தான் இருக்கு, 6ஐ மூணால வகுத்தா 2. நம்ம மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் இதை ஒட்டித்தான் ஒரு முறை வச்சிருக்கு, அதுல 7க்கு மேல போனா சுத்தம், 2க்குக் கீழ போனா படுமோசம்.

அதே முறையில இன்னொரு கணக்கும் சேத்துப் பாப்பாங்க, எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான், ஏன்னா பேரே தெரிய வேண்டியதில்ல. தட்டுல இருந்து தேர்ந்தெடுக்காம கைக்கு வந்த வரிசையில ஒண்ணொண்ணா எடு. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் ஒரே கேள்வி, இது முன்னாடி எடுத்த மாதிரியே இருக்கா, வேறயா? வேறன்னா ஒரு கோடு போடு, மொதல்ல எடுத்ததுக்கும் ஒரு கோடு உண்டு. 40 எடுத்து 22 கோடு வந்தா 22ஐ 40ஆல வகுத்து 0.55. அடுத்த எடத்துல 40 எடுத்து 4 கோடுதான், 0.1, அதாவது ஒரே ஜாதி கூட்டமா ஆட்டம் போடுது. 3வது படிக்கிற உன் தம்பியைக் கூட இதுக்கு உக்கார வைக்கலாம்.

ஒரு விஷயத்துல மட்டும் ஏமாந்துடாத. இந்த மார்க் எல்லாம் கல்லு நெறைஞ்ச குளுகுளு ஓடைகளுக்குப் போட்டது, நம்ம கடலூர் ஓடை மணலும் வண்டலும், வெயில்ல தண்ணியே 30 டிகிரி. நம்ம ஓடை நல்லா இருந்தாலும் 7 வாங்காது. அதனால இங்கிலாந்தோட போட்டி போடாத, உன் ஓடையோட மேல் பகுதிதான் உன் அளவுகோல். ஊருக்கு மேல ஒரு எடம், ஊருக்குக் கீழ ஒரு எடம், ரெண்டும் ஒரே மாதிரி எடமா இருக்கணும். மேல கல்லுல பாத்துட்டு கீழ சேத்துல பாத்தா நீ மாசைப் பாக்கல, சேத்தைப் பாக்குற. நம்ம பக்கம் கல்லு வேணும்னா தடுப்பணைக்குக் கீழயும் சின்னப் பாலத்துக்கு அடியிலயும் தேடு, அங்கதான் தண்ணி வழிஞ்சு துள்ளி ஓடும், நான் கேடிஸ் புழுவை மொத மொத பாத்ததும் ஒரு தடுப்பணைக் கல்லுலதான், 31 வயசுல, அதுவரைக்கும் பிளாக்போர்டுல மட்டும்தான் வரைஞ்சிருந்தேன்.

எறங்கும்போது செருப்பு இல்ல, ஷூ போட்டுக்கோ, கண்ணாடிச் சில்லு கெடக்கும். கால்ல புண்ணு இருந்தா எறங்காத, எலிக்காய்ச்சல் தண்ணிலதான் தொத்தும். தனியா போகவே போகாத.

*

மூணு வால் இருக்குற பூச்சிக் குஞ்சு கெடச்சுது. மே ஃப்ளைதானே? எங்க ஓடை சூப்பர்னு ஸ்டேட்டஸ் போட்டுட்டேன்.
– வில்லியனூர் வாசகர்

ஸ்டேட்டஸை எடுத்துட்டு லென்ஸை எடுங்க. ஊசித்தட்டான் குஞ்சுக்கும் பின்னாடி மூணு இருக்கும், ஆனா அது வால் இல்ல, இலை மாதிரி தட்டையான செவுள். மே ஃப்ளைக்கு வால் முடி மாதிரி மெலிசு, செவுள் வயித்தோட ரெண்டு பக்கமும் வரிசையா இருக்கும், உயிரோட பாத்தா படபடன்னு ஆடும். அப்புறம் மே ஃப்ளைலயும் கேனிஸ்னு ஒண்ணு இருக்கு, அது சேறு படிஞ்ச எடத்துல ஜாலியா இருக்கும். ஒரு பூச்சியைப் பாத்து எந்த ஓடைக்கும் சர்டிபிகேட் குடுக்க முடியாது.

*

எங்க ஓடையில் ஒரு ஓரமா தண்ணி மேல ஆயில் மாதிரி வானவில் கலர்ல மினுமினுக்குது, அடியில காவி கலர்ல கொழகொழன்னு இருக்கு. மேல லாரி ஷெட் ஒண்ணு இருக்கு, அவங்க ஆயில் விடுறாங்கன்னு ஊர்ல பெரிய சண்டை. என்ன பண்ணலாம்?
– வண்டிப்பாளையம் வாசகர்

சண்டைக்கு முன்னாடி ஒரு குச்சி எடுத்துட்டுப் போங்க. அந்த மினுமினுப்பைக் குச்சியால குத்துங்க. கண்ணாடி ஒடைஞ்ச மாதிரி துண்டு துண்டா பிரிஞ்சு அப்படியே நின்னா அது ஆயில் இல்ல, இரும்பு பாக்டீரியா. கலைஞ்சு சுழிச்சுத் திரும்ப ஒண்ணா சேந்துக்கிச்சுன்னா அது ஆயில்தான், அப்போ ஷெட்டுக்குப் போங்க.

நீங்க சொல்ற காவிக் கொழகொழப்பை வச்சுப் பாத்தா நான் பாக்டீரியா பக்கம்தான் சாயுறேன். கேப்பர் மலை மண்ணு ஏன் அப்படிச் செவப்பா இருக்கு? இரும்பு. மழைத்தண்ணி அந்த மண்ணுக்குள்ள எறங்கி, காத்தே படாம கீழ போய், அடிவாரத்துல ஊத்தா கசியும்போது கரைஞ்ச இரும்பையும் கூட்டிட்டு வரும். வெளிய காத்து பட்டதும் துருப்புடிக்கும், அதுல வாழுற பாக்டீரியா மேல ஒரு ஆடை கட்டும். பாக்கக் கண்றாவியா இருக்கும், ஆனா இயற்கைதான். ஆனா ஒண்ணு, ஊத்து இல்லாத எடத்துல புதுசா இப்படி வந்தா அங்க குப்பையோ சாக்கடையோ மண்ணுக்குள்ள எறங்கி ஆக்சிஜனைத் தின்னுட்டு இரும்பைக் கரைச்சு விடுதான்னும் பாக்கணும்.

அப்பர் கல்லோட மிதந்து கரையேறின எடத்துக்குப் பக்கத்துல இருக்கீங்க, ஒரு குச்சியால தீர்ற சண்டையைப் பெருசாக்காதீங்க.

*

அந்தக் காலத்துல கெடிலத்துல குளிச்சவ நான். இப்போ எங்க பக்கத்து ஓடையில தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கு, ஆனா பேரன் அது கெட்ட தண்ணிங்குறான். தெளிஞ்ச தண்ணி எப்படிம்மா கெட்டதாகும்?
– பாட்டி, திருப்பாதிரிப்புலியூர்

பாட்டிம்மா, பேரன் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. மழை நேரத்துல செவந்து ஓடுற தண்ணி கெட்டதுன்னு நெனைப்போம், அது பாதி மண்ணுதான். தெளிவா இருக்குற தண்ணில ஒண்ணுமே உசுரோட இல்லாமலும் இருக்கலாம், ஆசிட் கலந்த தண்ணி கூட பளிச்சுனு இருக்கும். நீங்க அப்போ கெடிலத்துல குளிக்கும்போது கால்ல அயிரை வந்து கொத்துச்சா, இல்லையா? இப்போ கொத்துதான்னு பேரனை ஒரு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டு உக்காரச் சொல்லுங்க.

இன்னொண்ணு, அவனை விடியக்காலைல 5 மணிக்குப் போய்ப் பாக்கச் சொல்லுங்க. பாசி நெறைய இருக்குற ஓடையில மத்தியானம் ஆக்சிஜன் வழியும், பாசி வெயில்ல அதைத் தயார் பண்ணுது. ராத்திரி அதே பாசி மூச்சு விட்டு இருக்குறதைத் தின்னுடும். 30 டிகிரி தண்ணில லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன்தான் சாதாரணமா நிக்கும், மீனுக்கு 4ஆவது வேணும்னு அரசாங்கமே அளவு வச்சிருக்கு. விடியக்காலைல அது 1, 2ன்னு எறங்கினா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும். பகல் 11 மணிக்கு ஜீப்புல வந்து அளந்துட்டுப் போறவங்களுக்கு அது தெரியவே தெரியாது. எந்த ரிப்போர்ட்டைக் குடுத்தாலும் நான் மொதல்ல எத்தனை மணிக்கு எடுத்ததுன்னுதான் பாப்பேன்.

விரால், கெளுத்தி மட்டும் இருக்குன்னா சந்தோஷப்பட வேணாம், விரால் மேல வந்து காத்தையே குடிக்கும்.

*

தட்டான் கூட்டம் கூட்டமா பறக்குது. ஓடை நல்லா இருக்குன்னு அர்த்தமா?
– நெட்டப்பாக்கம் வாசகி

இல்ல. தட்டான் தாழப் பறந்தா தப்பாம மழைன்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்கல்ல, மழை சீசன்ல அப்படிக் கூட்டமா வர்ற மஞ்சத் தட்டான் கடல் தாண்டி வர்ற ஜாதி, தேங்குன மழைக்குட்டைலயே முட்டை போட்டுடும். பறக்குறதை எண்ணாதீங்க, ஓடைக் கரையில கோரைத் தண்டுல உரிச்சுப் போட்ட சட்டை ஒட்டியிருக்கான்னு பாருங்க. சட்டை இருந்தாத்தான் அது அங்கயே பொறந்து வளந்த தட்டான்.

*

நீங்க சொன்ன மாதிரி ஓடையில இறங்கி, வலையும் போட்டுப் பாத்தோம் டீச்சர். மே ஃப்ளை இல்ல, தட்டான் குஞ்சு இல்ல, ஒண்ணுமே இல்ல. எங்க ஓடை செத்துடுச்சா?
– அரியாங்குப்பம் இளைஞர்கள்

தம்பிங்களா, தண்ணிய ஒரு சொட்டு நாக்குல... வேணாம், நாக்குல வைக்காதீங்க, பாகூர்க்காரர்கிட்ட அந்தப் பேனாவைக் கடன் வாங்குங்க. அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு, நம்ம கடலூர் உப்பனாறு இங்கெல்லாம் ஏத்தத்துல கடல் தண்ணி உள்ள வரும். கடல் தண்ணில லிட்டருக்கு 35 கிராம் உப்பு, அதுல பாதி வந்தாலே மே ஃப்ளைக்கு வேலை இல்ல. அது இல்லாதது மாசு இல்ல, எடம் வேற. அந்த மார்க் கணக்கை இங்க போட்டா நல்லா இருக்குற கழிமுகத்தையும் ஃபெயில் ஆக்கிடுவீங்க. இங்க வேற கேள்வி கேக்கணும். வத்தம் போகும்போது சேத்துல நண்டு வளை எத்தனை இருக்கு, கரையில கண்டல் செடி புதுசா மொளைக்குதா, முகத்துவாரம் மணல் மூடிக் கெடக்கா தொறந்திருக்கா, சேத்தைக் கிளறினா அழுகின முட்டை நாத்தம் எவ்ளோ தூக்கலா வருது. நாத்தம் கொஞ்சம் வர்றது கழிமுகத்துல சகஜம்தான், ஆனா மேல் மண்ணே கருப்பா இருந்து நண்டு வளையும் இல்லன்னா யோசிக்கணும்.

*

எங்க வாய்க்காலை போன வருஷம் ஜேசிபி விட்டு தூர் வாரி, ரெண்டு பக்கமும் சிமெண்ட் போட்டு நேராக்கிட்டாங்க. பாக்க சுத்தமா இருக்கு. இது நல்லதா கெட்டதா?
– நெல்லிக்குப்பம் வாசகர்

2015ல வெள்ளம் பாத்தவங்க, 2024ல ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை ஊருக்குள்ள வந்ததைப் பாத்தவங்ககிட்ட போய் தூர் வாராதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. தண்ணி ஓடணும். ஆனா வாய்க்காலை நேராக்கி சிமெண்ட் போட்டா தண்ணி ஒரே வேகத்துல ஒரே ஆழத்துல ஓடும், அதுக்கப்புறம் அங்க ஒளிய எடம் இல்ல, முட்டை போட எடம் இல்ல, கரையில நெழல் இல்ல. ஓடையில வளைவு இருந்தா உள் வளைவுல மணல் படியும், வெளி வளைவுல பள்ளம் விழும், கோடையில அந்தப் பள்ளத்துலதான் மீன் உசுரைப் புடிச்சு வச்சிருக்கும்.

எதை எடுக்கணும் எதை விடணும்னு பாக்காம வழிக்கிறதுதான் என் சண்டை. வெங்காயத் தாமரையை எடுங்க, அது மேல மூடிக்கிட்டா அடியில வெளிச்சமும் இல்ல ஆக்சிஜனும் இல்ல. நெய்வேலி காட்டாமணக்கை எடுங்க, பேருதான் நெய்வேலி, பொறந்தது தென்னமெரிக்கா, ஆனா வெட்டி அங்கயே கரையில போடாதீங்க, ஒவ்வொரு துண்டும் வேர் விடும், போன வருஷம் வெட்டினது இந்த வருஷம் ரெட்டிப்பா வந்துருக்குன்னு புலம்புறவங்க எல்லாம் அப்படிப் போட்டவங்கதான். கோரை, நாணல், புங்கன், நீர்மருது இதையெல்லாம் விடுங்க. ஒரு வருஷம் ஒரு கரை, அடுத்த வருஷம் அடுத்த கரைன்னு வாரினா பூச்சியும் மீனும் அந்தப் பக்கத்துல இருந்து திரும்ப வந்துடும்.

*

வாய்க்கால்ல தண்ணி எவ்ளோ ஓடுதுன்னு மெஷின் இல்லாம கண்டுபிடிக்க முடியுமா?
– விவசாயி, பண்ருட்டி

ஒரு எலுமிச்சம்பழம் போதும். பழம் தண்ணிக்குள்ள பாதிக்கு மேல முங்கி மிதக்கும், அதனால காத்து தள்ளாது. நேரா ஓடுற எடத்துல 10 மீட்டர் அளந்து பழத்தைப் போட்டு நேரம் பாருங்க, மூணு தடவை போட்டு சராசரி எடுங்க. 25 செகண்ட்னா செகண்டுக்கு 0.4 மீட்டர். மேல் தண்ணி எப்பவும் அடித்தண்ணிய விட வேகம், அதனால 0.85ஆல பெருக்கிடுங்க, 0.34. அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 30 சென்டிமீட்டர்னா, 0.6ஐ 0.34ஆல பெருக்கினா செகண்டுக்கு சுமார் 200 லிட்டர். இதை மாசா மாசம் ஒரே எடத்துல எழுதி வைங்க. இது இல்லாம தண்ணியோட தரம் பேசுறது அர்த்தமில்ல, அதே சாக்கடை 200 லிட்டர்ல கலந்தா ஒண்ணு, 20 லிட்டர்ல கலந்தா வேற. பழத்தைத் திரும்ப எடுத்துட்டு வாங்க, ஆனா ஜூஸ் போடாதீங்க.

*

எங்க ஓடையில பொங்கலுக்கு அப்புறம் தண்ணியே இருக்காது. அப்போ அதுக்கு ஆரோக்கியம்னு ஒண்ணு இருக்கா?
– வேப்பூர் வாசகர்

நெறைய இருக்கு. நம்ம பக்கம் மழை பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும், அதனால காயுறதுதான் பல ஓடைக்கு இயல்பு, காயுற ஓடையில திடீர்னு வருஷம் பூரா தண்ணி ஓடினாத்தான் எனக்குச் சந்தேகம் வரும், அது யார் வீட்டுச் சாக்கடைன்னு. காஞ்ச ஓடையும் செத்துக் கெடக்கல. நத்தை வாய் மூடியை இழுத்துச் சாத்திக்கிட்டு சேத்துக்குள்ள தூங்கும், விரால் ஈரச் சேத்துக்குள்ள போகும், தண்ணிப்பூச்சி முட்டை மண்ணோட மண்ணா காஞ்சு கெடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அந்த மண்ணை லாரில அள்ளிட்டுப் போனா அத்தனையும் போச்சு. அதனால மே மாசத்துல காஞ்ச ஓடையில நடங்க, எங்க மணல் எடுத்த குழி, எங்க கட்டட இடிபாடு கொட்டியிருக்கு, எங்க கரை சுருங்கி வீட்டு மதில் உள்ள வந்துருக்கு, எந்தக் குழாய் ஓடைக்குள்ள வாயை நீட்டிட்டு இருக்கு, எல்லாம் அப்போதான் தெளிவாத் தெரியும். பூச்சி பாக்க ஜனவரி நல்ல மாசம். பெருவெள்ளம் வந்தா மட்டும் ஒரு மாசம் விட்டுட்டுப் பாருங்க, வெள்ளம் எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிருக்கும், அடுத்த வாரமே பாத்துட்டு ஓடை கெட்டுப் போச்சுன்னு எழுதாதீங்க.

*

ராத்திரியில ஒரு ஆலையில இருந்து எங்க ஓடையில தண்ணி விடுறாங்க. பகல்ல கேட்டா இல்லங்குறாங்க. பேர், ஊர் போட வேண்டாம். எப்படி நிரூபிக்கிறது?
– ஒரு வாசகர்

நீங்க பாட்டில்ல புடிக்கிற தண்ணி கோர்ட்டுல நிக்காது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பிங்க. 1974 தண்ணீர்ச் சட்டப்படி ஆலையில இருந்து வர்ற தண்ணிய வாரியத்து ஆளுங்கதான் முறைப்படி எடுக்கணும், ஆலைக்காரங்களுக்கு நோட்டீஸ் குடுத்து, ரெண்டு பங்கா பிரிச்சு, சீல் வச்சு. உங்க வேலை அவங்களை வர வைக்கிறது. அதுக்குத்தான் பூச்சி. குழாய்க்கு மேல 50 மீட்டர், கீழ 50 மீட்டர், ஒரே மாதிரி எடம், மாசம் ஒரு தடவை, மூணு மாசம். மேல ஏழு குடும்பம், கீழ ரெண்டு குடும்பம்னு மூணு மாசமும் வந்தா, ராத்திரி விட்டாலும் பகல்ல விட்டாலும் பூச்சி சாட்சி சொல்லிடுச்சு. தேதியோட தட்டு போட்டோ, ஆசிட் அளவு காட்டுற பிஹெச் பேப்பர் கலர், தண்ணி சூடு எல்லாம் ஒரு நோட்டுல. அதை வச்சு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்துல மனு, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்புல இன்னொரு மனு, புதுச்சேரி பக்கம்னா அங்க இருக்குற மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துல. பழைய சாம்பிள் ரிசல்ட்டைத் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க. ராத்திரில தனியா போய் குழாய்கிட்ட நின்னு வீடியோ எடுக்குறது வேணாம், கெமிக்கல் தண்ணில கையையும் விடாதீங்க.

மேலயும் கீழயும் ஒரே மாதிரி வந்துச்சுன்னா அதையும் நேர்மையா எழுதுங்க. கோளாறு உங்க குழாய்ல இல்லாம அதுக்கும் மேல எங்கயாவது இருக்கலாம்.

*

டீச்சர் எனக்கு மண்ணு ஒட்டி வீடு கட்டின புழு கெடச்சுது!! தடுப்பணைக் கல்லுல. டப்பால போட்டு வீட்டுக்கு எடுத்துட்டு வந்து வளக்கலாமா?
– 6ஆம் வகுப்பு, கடலூர் முதுநகர்

கெடச்சிருச்சா! எனக்கு 31 வயசு ஆச்சுடா கண்ணா. ஆனா வளக்க முடியாது, அதுக்கு ஓடுற தண்ணி வேணும், டப்பாத் தண்ணில சாயங்காலத்துக்குள்ள மூச்சு முட்டிடும். ஒரு ஆழமில்லாத தட்டுல ஓடைத் தண்ணியே ஊத்தி, நெழல்ல வச்சு, 10 நிமிஷம் அசையாம பாரு. தலையும் ஆறு காலும் மட்டும் வெளிய நீட்டி வீட்டை இழுத்துட்டு நடக்கும். எத்தனை மணல் துகள் ஒட்டியிருக்குன்னு எண்ணி எனக்கு எழுது. அப்புறம் எடுத்த அதே கல்லுல, எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அந்தப் பக்கத்துல விட்டுட்டு, கல்லையும் புரட்டினபடியே போட்டுட்டு வராம பழையபடி கவுத்து வச்சுட்டு வா.